பால் ஊட்டும் புறாவும் பசுவல்லாத கடல்பசுவும்

நேயர்களே, வணக்கம்.

கடல்பசுவையும் புறாவையும் ஒரே உரையில் சேர்த்துப் பேசப் போகிறேன் என்றதும் வீட்டிலேயே சிரித்தார்கள். இரண்டும் முதுகெலும்புள்ளவை, உறவு அத்தோடு சரி. அது பாலூட்டி, இது பறவை.

பால் ஊட்டுவதுதானே பாலூட்டிக்கு அடையாளம்? அப்படியானால், உங்கள் ஏசிப் பெட்டியின் மேல் நாலு குச்சியை அடுக்கி அதைக் கூடு என்று நம்பிக் குடியேறும் மணிப்புறாவைச் சற்றுக் கவனியுங்கள். முட்டை பொரிந்த முதல் சில நாள்களில், குஞ்சு தன் அலகைப் பெற்றோரின் வாய்க்குள் நுழைத்து உண்பது தானியமன்று. தொண்டைப் பையின் உட்சுவர் தடித்து உதிர்வதால் உண்டாகும், தயிர்க்கட்டி போன்ற புறாப்பால். தாய் மட்டுமல்ல, தந்தையும் ஊட்டும். ஆனாலும் பால்சுரப்பியும் மயிரும் இல்லாததால் புறா பாலூட்டி ஆகாது.

கடல்பசுவோ, பெயரில் மட்டுமே பசு. உறவில் யானைக்கு நெருங்கியது. அமெரிக்காவின் புளோரிடாவில் வாழும் மானட்டி என்ற கடல்பசுவுக்குத் துடுப்பின் நுனியில் யானைக்கு இருப்பது போன்ற நகங்கள் உண்டு, கடைவாய்ப் பற்கள் தேயத் தேய, புதியவை பின்னாலிருந்து முன்னே நகர்ந்து வரும், பால்காம்போ அக்குளில். நம் பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடல்பசு இதற்கு ஒன்றுவிட்ட உறவு.

ஓர் உயிர் அழியும் அபாயத்தில் இருக்கிறதா என்று சொல்லும் காப்பு நிலையைக் குடும்பம் பார்த்துத் தீர்மானிப்பதில்லை, இனம் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். இதை மீண்டும் சொல்கிறேன், இனம் பார்த்தே. இந்த நிலைகளைத் தொகுக்கும் பன்னாட்டுச் செம்பட்டியலில் மானட்டியின் மூன்று இனங்களும் ஆவுளியாவும் அழியும் வாய்ப்புள்ளவை. மணிப்புறாவைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அதே புறாக் குடும்பத்தைச் சேர்ந்த பயணிப் புறா, வட அமெரிக்க வானத்தைக் கோடிக்கணக்கில் மறைத்துப் பறந்தும், ரயிலும் தந்தியும் துணைநின்ற வேட்டையில் அழிந்தது; மார்த்தா என்ற கடைசிப் பறவை சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தில் 1914 செப்டம்பர் 1 அன்று இறந்தது. பயணிப் புறா ஒரு முறைக்கு ஒரே முட்டைதான் இடும். ஆவுளியாவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே கன்றுதான் ஈனும்; இழந்ததை விரைவில் ஈடுகட்ட முடியாது.

கடிகாரம் துரத்துகிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய ஆவுளியா மூச்சுவிட மேலே வர இயலாமல் மூழ்கி இறந்துவிடும் என்பதால், வலையை அறுத்து அதை விடுவித்த மீனவர்களை வனத்துறை பரிசளித்துப் பாராட்டியிருக்கிறது. அது மேயும் கடற்புல்லைப் பற்றிப் பேச நேரமில்லை. வணக்கம்.