மடிப்பில் தங்கும் ஈரம்: ஏலத்தோட்டத்து மழைக்காலத்துக்கு ஒரு விளக்கம்

[காட்சி: விடியாத இருட்டில் கம்பம்மெட்டு ஏறும் ஜீப்]

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஏறுகிறவர்களுக்கு ஜூன் பிறந்தாலே பகல் முழுக்க ஈரம்தான். மேலே பிளாஸ்டிக் தாள், உள்ளே வேர்வை. சாயங்காலம் மார்புக்கு அடியில், தொடை இடுக்கில், அக்குளில் எரிச்சல். கூச்சத்தில் பலர் மாதக்கணக்கில் வெளியே சொல்வதில்லை. இது அழுக்கால் வருவது இல்லை அக்கா, வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.

[படம்: தோல் மடிப்பு]

தோலோடு தோல் ஒட்டும் இடத்தில் காற்று புகாது, வேர்வை காயாது. ஊறிப்போன தோல் உரசலில் உரியும். ஏற்கெனவே உடம்பில் இருக்கும் கேண்டிடா என்ற பூஞ்சை அங்கே பெருகும்.

பார்த்தே ஓரளவு பிரிக்கலாம். மடிப்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிவந்திருந்தால் பெரும்பாலும் உரசல். ஓரத்தைத் தாண்டிச் சின்னச் சின்னப் பருக்கள் சிதறியிருந்தால் கேண்டிடா. நடு தெளிந்து, ஓரம் மேடாக வளையம் கட்டினால் படர்தாமரை. கறுத்த தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ இருக்கும்.

[காட்சி: துண்டால் ஒற்றுதல்]

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஈரத்துணியை மாற்றுங்கள். பூச்சிமருந்து அடித்த நாளில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஊறிய தோல் மருந்தைக் கூடுதலாக உள்ளே இழுக்கும். மென்மையான சோப்பு போட்டுக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஃபேன் காற்றில் 10 நிமிடம் விடுங்கள். பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியை மடிப்புக்குள் வையுங்கள். அதன் நுனி இரண்டு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கணும், அப்போதுதான் ஈரம் வெளியே ஏறிக் காயும். முழுக்க உள்ளே சொருகினால் அந்தத் துணியே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேலைக்குப் போகும்போது காய்ந்த துணி இரண்டை பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போய், சாப்பாட்டு நேரத்தில் மாற்றுங்கள்.

வெறும் உரசலுக்கு ஜிங்க் ஆக்சைடு களிம்பு மெல்லிசாகப் போதும். பூஞ்சை என்றால் குளோட்ரிமசோல் 1% க்ரீம், காலை மாலை இரண்டு வேளை. ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் பூசலாம். அரிப்பு நின்றதும் நிறுத்தாதீர்கள், 2 முதல் 4 வாரம் போடணும். 2 வாரத்தில் குறையவே இல்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

[காட்சி: க்ரீம் டியூபின் லேபிள்]

அதிகம் கெடுப்பது கடையில் கேட்டு வாங்கும் கலப்பு க்ரீம். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று லேபிளில் இருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை மட்டும் சத்தமில்லாமல் பரவும். தொடைத் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழுந்தால் அது மறைவதே இல்லை. மருத்துவர் எழுதித் தராமல் தொடாதீர்கள். சோளமாவுப் பவுடரும் வேண்டாம், ஈரத்தில் கட்டிபிடித்து உரசும். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் புண் வெந்துவிடும்.

திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பாருங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கணும். காய்ச்சல், சீழ், வேகமாகப் பரவும் சிவப்பு, தொட முடியாத வலி இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கு ஜீப் ஏறாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.