முப்பந்தல் காத்துல பேட்டரி என்ன ஆச்சு பாருங்க

வணக்கம் மக்களே, சத்தம் கேக்கா, மைக்ல பஞ்சு சுத்தியும் இந்த இரைச்சல்தான், முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் பக்கத்துல நிக்கேன், ஆடிக் காத்துன்னா என்னன்னு இங்கன வந்துதான் தெரிஞ்சுக்கணும்.

போன வீடியோவுல நிறைய பேரு கேட்டிருந்தியோ, அண்ணாச்சி இந்த கரண்டு டூவீலர் ஒரு தடவ சார்ஜ் போட்டா 140 கிலோமீட்டர் போவும்னு கம்பெனிக்காரன் சொல்லுதான் உங்களுக்கு ஏன் 90ல நிக்கின்னு. அந்த 140 ஐடிசி கணக்கு, அதாவது இந்தியன் டிரைவிங் சைக்கிள், வண்டிய உருளை மேல ஏத்தி ஓட்டுத டெஸ்ட், அதுல உச்ச வேகமே 42தான், அங்க இந்தக் காத்து எங்க இருக்கு சொல்லுங்க.

காலைல வள்ளியூர் அத்தை வீட்ல 100 பர்சன்ட் சார்ஜ் போட்டுக் கிளம்புனேன். பணகுடி வரைக்கும் காத்து வலது பக்கமா வந்து இடிக்கும், காவல்கிணறுல மேக்க திரும்புனதும் நேரா மூஞ்சில அறையும். ஸ்பீடு 50 தாண்டவே இல்ல, ஆனா இங்க வந்து சேர 26 பர்சன்ட் காலி, டிஸ்ப்ளேல கிலோமீட்டருக்கு 39 வாட் அவர். என் பேட்டரி 3 யூனிட், அதாவது 3000 வாட் அவர், வகுத்துப் பாருங்க, இதே மாதிரி ஓட்டுனா மொத்தமே 77 கிலோமீட்டர்தான்.

விஷயம் என்னன்னா, வண்டிக்குத் தெரியுதது ரோட்டு வேகம் இல்ல, காத்து வேகம். நீங்க 50ல போறிய, எதிர்க்காத்து 25ன்னு வைங்க, வண்டி 75ல காத்தத் தள்ளுது, காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அப்ப ரெண்டேகால் மடங்கு. அந்தா சுத்துதே கரண்டு எடுக்குத காத்தாடி, அதுக்கு இது கொண்டாட்டம், காத்து வேகம் ரெட்டிப்பானா கரண்டு எட்டு மடங்கு, அதுக்கு லாபம் நமக்கு நட்டம். குத்தாலத்துல சாரல் போடுத காத்துதான் இதுவும், இங்க மலை இடைவெளில நெருக்கி வாரதால இந்த வெறி.

சரி, திரும்பும்போது பின்னால தள்ளிவிடும்ல, எல்லாம் திரும்பக் கெடச்சிரும்னு நெனைப்பிய. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

(வள்ளியூர்) இப்ப அத்தை வீட்டு வாசல்ல நிக்கேன், அதே ரோடு அதே 50, செலவு 16 பர்சன்ட்தான், கிலோமீட்டருக்கு 24. நல்லாத்தான இருக்குன்னு தோணும். ஆனா கணக்கு பாருங்க, எதிர்க்காத்துல தடை ரெண்டேகால் மடங்கு, பின்காத்துல 50ல 25 போக 25தான், அதனால கால் மடங்கு, ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா ஒண்ணேகால். காத்தே இல்லன்னா ஒண்ணு. போகும்போது பறிச்சத முழுசா அது குடுக்காது வே, கடன் வாங்குன சொந்தக்காரன் மாதிரி.

ரீஜென், அதாவது வேகத்தக் குறைக்கும்போது மோட்டார் பேட்டரிக்கு சார்ஜ் திருப்புத வசதி, அதப் போட்டா சார்ஜ் ஏறாதான்னு ஒரு தம்பி கேட்டிருந்தான். எதிர்க்காத்துல ஆக்ஸிலேட்டர விட்டாலே வண்டி தானா நின்னுரும், அப்புறம் எதைப் புடிச்சு சார்ஜ் ஏத்த? அதுக்குப் பதிலா 50ல இருந்து 40க்கு இறக்குங்க, முன்னால காத்தடைப்பா போற லாரிக்குப் பின்னால மட்டும் ஒட்டாதிய, உயிருக்கு ஆவாது.

அத்தை கூப்புடுதாவ, வண்டிய பிளக்ல போட்டுட்டு சோறு திங்கப் போறேன், 58 பர்சன்ட் இருக்கு.