பெற்ற பிள்ளையா, சுற்றியிருக்கும் ஊரா? ஊர் அணியில் நின்று பேசியது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கூத்து ஆரம்பிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்போம் என்று வந்திருக்கும் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

வயதானவர்கள் மனம் ஒடிந்துபோகாமல் இருக்கப் பெரிதும் துணை நிற்பது பெற்ற பிள்ளைகளா, சுற்றியிருக்கும் ஊரா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் பிள்ளைகளே என்று அடித்துப் பேசினார், நடுவில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். நான் அழப்போவதில்லை. ஊர்தான்.

பிள்ளைகளைத் திட்ட நான் வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பென்னாகரத்திலும் அரூரிலும் மழையை நம்பி விதைத்துப் பார்த்து, முடியாமல்தான் நம்ம பசங்க பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறினார்கள். பணம் அனுப்புகிறார்கள், ராத்திரியானால் வீடியோ காலில் வருகிறார்கள். அந்தக் கால் எப்படிப் போகிறது தெரியுமா? ஆயா போனைக் காதோடு வைத்துக்கொள்கிறார், மகனுக்குத் தெரிவது கம்மல் மட்டும்தான். "சாப்டியா, மாத்திரை போட்டியா, சரி வெச்சிடறேன்." மனசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டாலும் "நல்லாருக்கேன் சாமி" என்றுதான் பதில் வரும். வேலை முடிந்து களைத்து வந்திருக்கிற பிள்ளையிடம் எந்தத் தாய் உள்ளதைச் சொல்வாள்?

"கூடவே கூட்டிக்கிட்டுப் போய் வெச்சுக்கலாமே" என்றார் அண்ணன். சரி, கூட்டிக்கொண்டு போன கதையைச் சொல்கிறேன். என் அத்தைக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம். மகன் வீடு பெங்களூரில் மூன்றாவது மாடி. பாஷை தெரியாமல் தவித்தார் என்று யாரும் சொல்ல முடியாது, அத்தை சண்டை போடுவதே கன்னடத்தில்தான். ஆனால் காலையில் எல்லாரும் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை சண்டை போடக்கூட ஆள் இல்லை. மருமகள் தங்கமான பெண், ஒரு டம்ளரைக் கழுவ விடமாட்டாள், அதுதான் வினையாகப் போனது. ஆடு, மாடு, காடு என்று ஓடிக்கொண்டே இருந்தவர் சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு, எந்நேரமும் கால் குடைச்சல். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. நம்ம ஊர்ப் பெரியவர்கள் எத்தனை பேர் "மனசு சரியில்லை" என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார்கள்? உடம்புதான் சொல்லும். வீட்டில் இருக்கிறவர்கள் "வயசாச்சுல்ல" என்று விட்டுவிடுவார்கள். வயசானால் மனம் வாடியே தீரும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, அது நோய், வைத்தியம் உண்டு.

அத்தை ஊருக்குத் திரும்பிய நேரம் புளி சீசன். ஆளுக்கு ஒரு கல், ஒரு சுத்தியல், ஆறேழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓட்டை உடைத்து, நாரை உரித்து, தட்டிக் கொட்டையை எடுத்து ஒதுக்குவார்கள். கூலி ஒன்றும் பெரிசில்லை. ஆனால் அங்கே யாராவது ஒருத்தி, "சின்னம்மா, இந்தப் புளி அடுத்த வருசம் வரைக்கும் கறுக்காம இருக்க உப்பு எவ்ளோ போடறது?" என்று கேட்பாள். பெங்களூரில் இருந்த வரைக்கும் அத்தையிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, நடுவரே, எல்லாவற்றையும் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் அத்தை வேலைக்கு வராமல் போனதும், பக்கத்து வீட்டுப் பெண் கையைக்கூடக் கழுவாமல் வாசலில் வந்து நின்றாள்.

பேச்சே போதும், வைத்தியம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அது ஆபத்து. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநல மருத்துவரைப் பார்க்கலாம், அவர் மாத்திரை கொடுத்தால் போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் 'இவங்க முன்ன மாதிரி இல்லையே' என்று முதலில் யார் கண்ணில் படும்? அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறாளே அந்தப் பெண், அவள் உள்ளூர்க்காரி. அவள் கண்ணில் படும், டீக்கடை பெஞ்சில் படும். தாத்தா கொஞ்ச நாளாக வாயே திறக்கவில்லை என்றால் வீட்டில் "கோபக்காரர்" என்பார்கள். டீக்கடைக்காரர்தான் "அவருக்குக் காது கேக்கலப்பா, அதான் ஒதுங்கறாரு, காது டாக்டர்கிட்ட காட்டு" என்று சொல்லி அனுப்புவார்.

பெற்றவர்களைப் பிள்ளைகள் பராமரித்தே ஆகவேண்டும் என்கிற 2007-ஆம் வருசச் சட்டத்தை அண்ணன் காட்டினார். நல்ல சட்டம்தான். கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தரும். "நேத்து ராத்திரி தூங்குனியாம்மா" என்ற விசாரிப்பை எந்தக் கோட்டாட்சியர் உத்தரவு போட்டு வாங்கித் தருவார்?

இன்னொன்றும் கேட்டார், புருசனை இழந்தவளை நல்ல காரியத்துக்கு முன்னால் வராதே என்று ஒதுக்குவதும் இதே ஊர்தானே என்று. ஆமாம், வெட்கக்கேடுதான், நான் மறைக்கமாட்டேன். ஆனால் கவனியுங்கள், ஊர் ஒதுக்கினால் ஒரு மனுசி அவ்வளவு நொறுங்கிப்போகிறாள் என்றால், அவள் மனசு யார் கையில் இருக்கிறது? என் கட்சியைத்தான் அண்ணன் பேசிவிட்டுப் போயிருக்கிறார். அதே ஊர் அவளைக் கூப்பிட்டு முதல் விளக்கை ஏற்றச் சொல்லட்டும், அப்போது பாருங்கள்.

தகடூர் என்று அந்தக் காலத்தில் பேர் வாங்கிய இந்தத் தர்மபுரி மண்ணில் நின்றுகொண்டு அதியமானைச் சொல்லாமல் இறங்கினால் என்னை விடமாட்டீர்கள். நெல்லிக்கனியை எல்லாரும் சொல்கிறார்கள். ஔவை வேறொன்றும் பாடியிருக்கிறார்: ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, பல நாள், பலரோடு போனாலும் முதல் நாள் மாதிரியே வரவேற்பானாம். ஆயுசு நீள நெல்லிக்கனி போதும், வாழ ஆசை வருவதற்கு இந்த வரவேற்பு வேண்டும். அதியமான் ஔவைக்குப் பெற்ற பிள்ளையா, நடுவரே?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். பிள்ளை பக்கத்தில் இல்லாத பெரியவர்களுக்கு உதவி எண் இருக்கிறது என்று அண்ணனே இரண்டு நம்பர் சொன்னார். முதியோருக்கு 14567, காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை. மனநலத்துக்கு 14416, எந்நேரமும். எல்லாரும் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நம்பரில் போனை எடுத்து "சொல்லுங்கம்மா" என்று கேட்கிறவர் யாரு? முன்பின் தெரியாத யாரோ ஒருத்தர் பெற்ற பிள்ளைதானே? அதையும் எங்கள் அணிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.