கடையில் 5 விழுக்காடு, கால்குலேட்டரில் எவ்வளவு? பிள்ளையின் பள்ளிப்பையிலேயே விடை இருக்கிறது

[திரையில்: மோட்டார் தவணை அட்டை, 36 கட்டங்கள்]

வணக்கம். 6,000 வெள்ளிக்கு ஒரு மோட்டார். ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி, 3 ஆண்டுத் தவணை. கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! ஆனால் இந்தக் கடனின் உண்மையான வட்டி 9 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கண்டுபிடிக்க வங்கி அதிகாரி வேண்டாம். படிவம் 4இல் வாங்கிக் கொடுத்தீர்களே, அந்த அறிவியல் கால்குலேட்டர் போதும்.

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வேலை என்றால் மோட்டார் இல்லாமல் ஆகாது. பஸ்ஸை நம்பினால் காலைப் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது, முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். ஆகவே இந்தக் கணக்கு நம் எல்லோருக்கும் உரியது.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்: கையில் அடங்கும் முதல் அறிவியல் கால்குலேட்டரான எச்பி-35, 1972இல் 395 டாலருக்கு வந்தது, அதுவரை பொறியாளர்கள் கையில் இருந்த சறுக்கு அளவுகோல் மேசை இழுப்பறைக்குள் போனது. முடிந்தது.

[நெருக்கக் காட்சி: திரையின் மேல் மூலையில் சின்ன எழுத்து]

முதலில் இந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கள். டி (பாகை), ஆர் (ரேடியன்), ஜி (கிரேடியன்) என்று மூன்றில் ஒன்று இருக்கும். சைன் 30 அழுத்துங்கள். டியில் 0.5. ஆரில் −0.988. ஜியில் 0.454. மூன்றும் சரியான விடைகள். கோணத்தை அளக்கும் அலகுதான் வேறு. அந்த ஜி இருக்கிறதே, செங்கோணத்தை 90க்குப் பதில் 100 பங்காகப் பிரிப்பது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் எல்லாவற்றையும் பத்துப் பத்தாக மாற்றும் வேகத்தில் புகுந்தது. எஸ்பிஎம் தேர்வுக்கு அது எந்த விதத்திலும் வேண்டாம். தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்ததும் இந்த எழுத்தைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அடுத்தது கால்க் பொத்தான். சொந்தமாகக் கொஞ்சம் செம்பனை வைத்திருப்பவர்களுக்கு இது வரம். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் குலை விலையை, ஒரு டன்னில் ஒரு விழுக்காடு எண்ணெய்ப் பிழிவுக்கு இத்தனை வெள்ளி என்று வெளியிடுகிறது. பிழிவு 20 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு, எக்ஸ் × 20 × ஒய் என்று ஒருமுறை எழுதி, கால்க் அழுத்துங்கள். "எக்ஸ்?" என்று கேட்கும்: எடை, 2.4 டன். "ஒய்?" என்று கேட்கும்: விலை, பேச்சுக்கு 40 வெள்ளி. 1,920 வரும். அடுத்த லாரிக்கு மறுபடி கால்க், புதிய எண்கள், அவ்வளவுதான்.

இப்போது சால்வ், சமன்பாட்டில் தெரியாத எண்ணைத் தேடித் தரும் பொத்தான். இதற்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

[திரையில்: 191.67 × (1 − (1 + எக்ஸ்)^−36) ÷ எக்ஸ் = 6000]

பயப்படாதீர்கள். 6,000க்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு என்றால் 300. மூன்று ஆண்டுக்கு 900. மொத்தம் 6,900, அதை 36ஆல் வகுத்தால் மாதம் 191 வெள்ளி 67 காசு. இதுவரை கடைக்காரரின் கணக்கு. இனி நாம் கேட்கும் கேள்வி: மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி போட்டால், மாத வட்டி எத்தனை இருந்தால் இதே தவணை வரும்? அந்த எத்தனைதான் எக்ஸ். இந்தச் சமன்பாட்டில் எக்ஸைத் தனியே பிரித்தெடுக்க முயன்று பாருங்கள், தாள்தான் தீரும்.

எழுதிக்கொண்டே வாருங்கள். எக்ஸுக்கு ஆல்ஃபா அழுத்த வேண்டும். சமக்குறி கீழே இருக்கும் வழக்கமான பொத்தான் அல்ல. ஆல்ஃபாவும் கால்க்கும் சேர்ந்து தரும் சிவப்புச் சமக்குறி. பிறகு ஷிஃப்ட், சால்வ். தொடக்க மதிப்பு கேட்கும், 0.01 கொடுங்கள். பூஜ்யம் வேண்டாம், எக்ஸால் வகுக்கிறோம் அல்லவா? பெயரில் எம்எஸ் என்று முடியும் பழைய வகையில் மறுபடி ஒருமுறை ஷிஃப்ட், சால்வ் அழுத்த வேண்டும். திரை சற்று நேரம் வெறுமையாக நிற்கும். கெட்டுப்போய்விட்டதோ என்று தட்டாதீர்கள், அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

என்ன வேலை? உயரமான செம்பனையில் குலை வெட்டுபவரைப் பாருங்கள். நீண்ட கம்பின் அரிவாளை ஒரு கணிப்பில் நீட்டுகிறார்; எவ்வளவு தள்ளிப்போனது என்று பார்த்து நகர்த்துகிறார்; மூன்றாவது நான்காவது தடவை காம்பில் சரியாக உட்கார்ந்துவிடுகிறது. கால்குலேட்டரும் நீங்கள் கொடுத்த 0.01இல் தொடங்கி, பிழையையும் வளைகோட்டின் சாய்வையும் பார்த்து நகர்கிறது. நியூட்டன் 1669இல் எழுதி வைத்த வழி இது. ராப்சன் 1690இல் எளிமையாக்கி அச்சிட்டார். முந்நூறு ஆண்டுப் பழைய யோசனை ஒரு பட்டன் பேட்டரியில் ஓடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது!

[திரையில்: 0.00776]

வந்துவிட்டது. இது ஒரு மாதத்துக்கு. 12ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 9.31 விழுக்காடு.

எங்கே ஒளிந்திருந்தது? மாதா மாதம் கடன் குறைகிறது, வட்டி குறையவில்லை. 36ஆவது மாதம் மிச்சக் கடன் 200 வெள்ளிகூட இராது. அப்போதும் முழு 6,000க்கான 25 வெள்ளி வட்டி உங்கள் தவணைக்குள் இருக்கிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை, அவ்வளவே. என்னைக் கேட்டால், கூடுதல் கணிதப் பாடத்தை இந்தத் தவணை அட்டையிலிருந்தே தொடங்கலாம்.

மாணவர்களே, ஒரு எச்சரிக்கை. எக்ஸ் வர்க்கம் சமம் 9 என்று கொடுத்து 1இல் தொடங்கினால் 3 கிடைக்கும். −1இல் தொடங்கினால் −3. சால்வ் ஒரு நேரத்தில் ஒரு விடையைத்தான் காட்டும். ஆகவே வழிமுறையைத் தாளில் எழுதுங்கள், இதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அணி, கலப்பெண் எல்லாம் இந்தப் பெட்டிக்குள் உண்டு. கேட்பவர்கள் இருந்தால் தனி வீடியோ போடுகிறேன்.

பிடித்திருந்தால் சேனலில் இணையுங்கள், தோட்டத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள். வீட்டுப்பாடம்: 40,000 வெள்ளி கார் கடன், 3 விழுக்காடு, 9 ஆண்டு, மாதம் 470 வெள்ளி 37 காசு, மொத்தம் 108 தவணை. ஆண்டு வட்டியைக் கண்டுபிடித்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். 5.5க்கு அருகில் வராவிட்டால் அடைப்புக்குறிகளை இன்னொருமுறை எண்ணிப் பாருங்கள்.