மஞ்சள் கடுதாசி கொடுத்தால் கடன் தீர்ந்துவிடுமா? 50 ரூபாய்க்கு 6 மாதச் சிறை!

வணக்கம், நேயர்களே. 50 ரூபாய் கடன் வாங்கிய ஒருவருக்கு 6 மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க இந்தியாவில் இன்றும் சட்டம் இடம் தருகிறது என்றால் நம்புவீர்களா? கந்துவட்டிக்காரரின் மிரட்டலைப் பற்றி நான் பேசவில்லை. 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தின், அதாவது திவால் சட்டத்தின், 72ஆம் பிரிவைப் பற்றிப் பேசுகிறேன். அந்தப் பிரிவுக்கு வருவதற்கு முன், "அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார், இனி ஒரு பைசா வராது" என்று ஊரில் சொல்லப்படும் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். மஞ்சள் கடுதாசி என்று ஊரில் சொல்வது திவால் மனுவைத்தான்.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்று மாநகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டமும், மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டமும் பொருந்துகின்றன. 2016இல் புதிய திவால் சட்டம் வந்தாலும், தனிநபர்களுக்கான அதன் பகுதி, நிறுவனக் கடன்களுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே மதுரையில் கடை வைத்து நொடித்துப்போன ஒரு சாதாரண வியாபாரி இன்றும் ஆங்கிலேயர் காலத்துச் சட்டத்தின் கதவைத்தான் தட்ட வேண்டும்.

[திரையில்: 500 ரூபாய்]

அந்தக் கதவின் உயரம் 500 ரூபாய். கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலையில், மொத்தக் கடன் 500 ரூபாயை எட்டியிருந்தால் ஒருவர் தாமாகவே நீதிமன்றத்தில் திவால் மனு கொடுக்கலாம். கடன் கொடுத்தவரும் அவர்மீது மனு கொடுக்கலாம். ஆனால் கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கில் சொத்தை மாற்றியது, வீட்டைப் பூட்டிவிட்டுத் தலைமறைவானது போன்ற ஒரு செயலை அவர் மனுவுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் செய்திருக்க வேண்டும்.

இந்தத் தொகைகளைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் இந்தச் சட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதே 1920இல் நாணயச் சட்டத்தைத் திருத்திய அரசு, ஒரு சவரன் தங்க நாணயத்தின் மதிப்பை 10 ரூபாய் என்று நிர்ணயித்தது. அந்தக் கணக்கின்படி, திவால் மனுவுக்கான 500 ரூபாய் என்பது 50 சவரன். இன்று 50 சவரன் நகைக்கு ஈடான கடன் எவ்வளவு என்பதை நகைக்கடைப் பக்கம் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் எழுதியவர்கள் பெரிய கடனில் மூழ்கியவரை மனத்தில் வைத்துத்தான் அந்தத் தொகையை எழுதினார்கள். நூறு ஆண்டுகளில் ரூபாய் இளைத்துவிட்டது, சட்டத்தில் இருந்த எண் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இப்போது 72ஆம் பிரிவுக்கு வருவோம். திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டு, பழைய கடன்களிலிருந்து விடுவிக்கும் நீதிமன்றத்தின் விடுவிப்பு ஆணையை இன்னும் பெறாத ஒருவர், தம்முடைய நிலையைச் சொல்லாமல் யாரிடமாவது 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் பெற்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அன்று 5 சவரன் பெறுமான கடனுக்கு இது நியாயமான எச்சரிக்கை. இன்றோ, எழுத்துக்கு எழுத்து படித்தால், தெருமுனைத் தேநீர்க் கடையில் இரண்டு நாள் தேநீரையும் வடையையும் கணக்கில் எழுதச் சொல்பவர்கூட, "ஐயா, நான் விடுவிக்கப்படாத திவாலாளி" என்று மாஸ்டரிடம் முதலில் அறிவித்தாக வேண்டும். வடைக்காக யாரையும் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள் என்றே நானும் நினைக்கிறேன். இருந்தாலும் கடன் வாங்குவது இங்கே குற்றமில்லை, நிலையை மறைத்து வாங்குவதுதான் குற்றம் என்பதைக் கவனியுங்கள்.

சரி, சொத்து என்னவாகும்? திவால் ஆணை பிறந்தவுடன் அவருடைய சொத்துகள் நீதிமன்றத்திடமோ, அவற்றைப் பொறுப்பேற்று நிர்வகிக்க அது நியமிக்கும் ரிசீவரிடமோ போய்விடும். அரசுக்குச் சேர வேண்டியதும் ஊழியர்களின் சம்பள பாக்கியும் முன்னுரிமை பெறும். மிஞ்சியது மற்றவர்களுக்கு விகிதப்படி பிரித்துத் தரப்படும். வீட்டை அடமானம் வாங்கிய வங்கி இந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அது தன் அடமானத்தின்மீது நேரடியாகவே நடவடிக்கை எடுக்கலாம். உடைகள், சமையல் பாத்திரங்கள், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏரும் மாடும் விதைநெல்லும் ஜப்திக்கு உட்படாதவை. சமய வழக்கப்படி ஒரு பெண் பிரியக்கூடாத அணிகலனுக்கும், அதாவது தாலிக்கும், உரிமையியல் நடைமுறைச் சட்டம் விலக்கு அளிக்கிறது.

மனு கொடுப்பதற்கு முன்பே நிலத்தை மைத்துனர் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிவிட்டால் தப்பிவிடலாம் என்று சில "அனுபவசாலிகள்" யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் செய்யப்பட்ட அத்தகைய மாற்றத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். நல்லெண்ணத்துடன் உரிய விலை கொடுத்து வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு. காசோலை திரும்பிய வழக்கிலிருந்தும் திவால் மனு காப்பாற்றாது.

இந்தக் காணொளியில் ஒன்றை மட்டும் நண்பர்களுக்கு அனுப்புவதாக இருந்தால், அடுத்து வரும் பகுதியை அனுப்புங்கள். திவால் மனு கொடுத்த நாளிலோ, திவாலானவர் என்று அறிவிக்கப்பட்ட நாளிலோ கடன் தீர்வதில்லை. நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்குள் விடுவிப்பு ஆணை கோரி மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் திவால் அறிவிப்பே ரத்தாகி, பழைய கடன் கொடுத்தவர்கள் மீண்டும் வாசலுக்கு வரும் நிலை உண்டாகும். விண்ணப்பித்தாலும் எளிதில் கிடைக்காது. அடமானம் இல்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணா, அதாவது பாதி, அளவுக்காவது சொத்து தேறவில்லை என்றால், அது தம்முடைய குற்றத்தால் நேர்ந்ததில்லை என்று 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர் நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். அதுவரை அவர் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ உறுப்பினராக இருக்க முடியாது. நிறுவன இயக்குநராகவும் முடியாது.

விடுவிப்பு கிடைத்த பிறகும் அரசுக்கான பாக்கி, மோசடியால் உண்டான கடன், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம் ஆகியவை நீடிக்கும். எல்லாவற்றையும்விடக் கொடுமையானது, கடன் வாங்கியவர் விடுபட்டாலும் அவருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் விடுபடுவதில்லை. நண்பருக்காகவோ சம்பந்திக்காகவோ அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே எடுத்துப் படித்துவிட்டு, புரியாத சொற்றொடரை, பெயர்களைத் தவிர்த்து, கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்த காணொளியை ஜாமீன்தாரர்களுக்காகவே வைத்திருக்கிறேன்.