பிராய்லர் ஈரலும் லெக்ஹார்ன் ஈரலும்: வித்தியாசம் இனத்தாலா, தீனியாலா?

[திரையில்: ஒரு பிராய்லர், ஒரு வெள்ளை லெக்ஹார்ன்]

இரண்டுக்கும் வயது 6 வாரம். இறைச்சிக்காக வளர்க்கும் பிராய்லர் 2 கிலோவைத் தாண்டிவிட்டது. முட்டைக்காக வளர்க்கும் லெக்ஹார்ன் அரை கிலோவை ஒட்டித்தான் நிற்கிறது. ஜீன்களின் பட்டியல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்பது மாறுகிறது. அந்த அளவுதான் ஜீன் வெளிப்பாடு.

அதை ஏன் ஈரலில் பார்க்க வேண்டும்? பன்றி தன் கொழுப்பைப் பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலேயே உருவாக்கும். கோழியில் அந்த வேலை ஈரலுடையது. அங்கே உருவாகும் கொழுப்பு ரத்தம் வழியாக வயிற்றுப் பகுதியின் கொழுப்புத் திசுவுக்குப் போய்ச் சேர்கிறது. முட்டையிடும் கோழி என்றால் மஞ்சள் கருவுக்கும் போகிறது.

[திரையில்: உறைந்த ஈரல் துண்டு]

ஈரல் துண்டை எடுத்ததும் திரவ நைட்ரஜனில் போடுகிறார்கள், இல்லையென்றால் ஆர்என்ஏ, அதாவது வேலை செய்யும் ஜீனிலிருந்து எடுக்கப்படும் நகல், சிதைந்துவிடும். பிறகு ஆர்என்ஏவைப் பிரித்து, வரிசைப்படுத்தி, எந்த ஜீனிலிருந்து எத்தனை நகல்கள் வந்தன என்று எண்ணுகிறார்கள்.

சரி, கொழுப்பு அமிலம் செய்யும் எஃப்ஏஎஸ்என் ஜீன் பிராய்லரில் கூடுதலாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். காரணம் இனம்தானா? அவசரப்படக் கூடாது. சில மணி நேரம் தீனி இல்லாவிட்டாலே இந்த ஜீன் அடங்கிவிடும். ஒரு கூட்டம் தின்றுவிட்டு வந்து, இன்னொன்று பட்டினியாக வந்திருந்தால், நாம் அளந்தது பசியைத்தான்! முட்டையிடும் பருவமும் இப்படித்தான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறியதும் மஞ்சள் கருவுக்கான புரதத்தை ஈரல் ஏராளமாகச் செய்யத் தொடங்கும். பருவத்துக்கு வராத கோழியை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான ஜீன்கள் மாறித் தெரியலாம். ஆகவே வயது, பால், தீனி, கூண்டு, அறுக்கும் நேரம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். வயதைச் சமமாக்கினால் எடை சமமாகாது, அதுதான் இதில் பெரிய தலைவலி. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோமோ, அதைப் பொறுத்தே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்கிலும் ஒரு பொறி உண்டு. 10,000 ஜீன்களை 5 சதவீத வரம்பில், அதாவது வித்தியாசம் இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டும் வாய்ப்பை 5 சதவீதமாக வைத்து, சோதித்தால், உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாதபோதே சுமார் 500 ஜீன்கள் மாறியதாகத் தோன்றும். அதைத் திருத்தாத பட்டியலை நம்பாதீர்கள்.

[திரையில்: இரண்டு இனங்களையும் கலந்த குஞ்சு]

எனக்கு மிகவும் பிடித்த வழி கலப்புக் குஞ்சு. அதன் ஒவ்வொரு ஈரல் செல்லிலும் ஒரு ஜீனுக்குப் பிராய்லரிடமிருந்து வந்த பிரதி ஒன்று, லெக்ஹார்னிடமிருந்து வந்த பிரதி ஒன்று. தீனியும் ஹார்மோனும் இரண்டுக்கும் பொது. அப்படியிருந்தும் பல குஞ்சுகளில் பிராய்லர் பிரதியே கூடுதலாக வெளிப்பட்டால், காரணம் அந்த ஜீனை ஒட்டிய டிஎன்ஏவிலேயே இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.