அவளுக்கு மட்டும் தெரியாது

(கோபிசெட்டிபாளையத்தில் கல்லூரி மாணவர்கள் கூட்டம் ஒன்றில் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

தலைப்பைச் சொல்ல எனக்குப் போன் பண்ணிய தம்பி, "சூப்பர் ஹீரோவும் லவ்வும்ங்க மிஸ், நீங்க பேசுனா நல்லா இருக்குமுங்க" என்றான். 32 வருஷம் ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தியவளைப் பிடித்துக் காதலைப் பற்றிப் பேசச் சொல்கிறாயே, யாராவது கவிஞரைக் கூப்பிடக் கூடாதா என்று கேட்டேன். "அவங்கெல்லாம் பெரிய அமௌண்டு கேக்கறாங்க மிஸ்" என்று உண்மையைச் சொல்லிவிட்டான். சரி, வந்துவிட்டேன்.

சூப்பர் ஹீரோ எனக்குப் புதிது இல்லை. என் அண்ணன் ஈரோடு போனால் பஸ் ஸ்டாண்டு கடையில் காமிக்ஸ் வாங்காமல் திரும்ப மாட்டான். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தபோது முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. அதில் ஸ்பைடர் என்று ஒருவன் வருவான். நீங்கள் நினைக்கிற ஸ்பைடர் மேன் இல்லை. இவன் இங்கிலாந்துக் காமிக்ஸிலிருந்து வந்தவன், கூர்க்காது, முதலில் திருடன், அப்புறம் நீதிக்காவலன். அவனுக்கும் காதலி கிடையாது, மாயாவிக்கும் கிடையாது. ராத்திரி வீட்டில் யாராவது காத்திருப்பார்களே என்ற கவலை எங்களுக்கும் வந்ததில்லை.

அந்தக் கவலையோடு ஒரு பையனைப் படைத்தவர்கள் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும். 1962இல் பீட்டர் பார்க்கர், அதாவது நீங்கள் நினைக்கிற ஸ்பைடர் மேன், வந்தபோது பள்ளிக்கூடப் பையன். அதுவரை அந்த வயசுப் பையன்கள் பெரும்பாலும் பெரிய ஹீரோவுக்குப் பின்னால் ஓடுகிற எடுபிடிகள்தான். இவனுக்குப் பாடம் இருக்கிறது, சித்தியின் மருந்துச் செலவு இருக்கிறது, பகுதி நேர வேலை இருக்கிறது. ஒரு பெண்ணை வரச் சொல்லியிருப்பான். பாதி வழியில் எங்கோ பேங்க்கில் சத்தம் கேட்கும். போய்விடுவான். மறுநாள் அவள் கேட்டால் வாய்க்கு வந்த பொய் ஒன்று.

இதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் பாவம், பையனுக்கு நேரம் இல்லை என்றுதான் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. க்வென் ஸ்டேசியின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பாருங்கள்.

க்வென் அவனோடு கல்லூரியில் படித்தவள். அவளுடைய அப்பா போலீஸ் கேப்டன். 1970இல் வந்த இதழில், இடிந்து விழுகிற செங்கல் குவியலிலிருந்து ஒரு குழந்தையைத் தள்ளிவிட்டு அவர் மாட்டிக்கொள்கிறார். சாகிற நேரத்தில் ஸ்பைடர் மேனைப் பீட்டர் என்று பெயர் சொல்லியே கூப்பிட்டு, என் மகளைப் பார்த்துக்கொள் என்கிறார். ஆக, அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. நார்மன் ஆஸ்பார்ன் என்ற வில்லன், பீட்டரின் சிநேகிதனுடைய அப்பன், அவனுக்கும் 1966லேயே தெரிந்துபோயிற்று. தெரியாதது யாருக்கு? க்வென்னுக்கு மட்டும். முகமூடிக்காரனால்தான் அப்பா செத்தார் என்று அவனை வெறுத்துக்கொண்டு, அதே பையனோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

(யாருங்க போன்? ஒரு தடவை அடித்து நின்றுவிட்டது. இருக்கட்டும், எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.)

1973. ஆஸ்பார்ன் அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலத்தின் உச்சியில் வைக்கிறான். எந்தப் பாலம் என்பதிலேயே ஒரு குழப்பம். வசனத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், படத்தில் பார்த்தால் புரூக்ளின் பாலம் மாதிரி இருக்கும். அங்கிருந்து அவளைத் தள்ளிவிடுகிறான். பீட்டர் வலையை வீசிக் காலைப் பிடித்துவிடுகிறான். பிடித்த அந்தக் கட்டத்தில் அவளுடைய கழுத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு சத்தம் எழுதியிருக்கும்: ஸ்நாப். அவசரமாகப் படித்தால் தாண்டிப் போய்விடுவீர்கள். பையனும் தாண்டிவிட்டான். காப்பாற்றிவிட்டேன் என்று குதூகலமாக மேலே இழுக்கிறான். வந்தது பிணம். அந்தத் திடீர் இழுப்புதான் காரணம் என்று பின்னால் வாசகர் கடிதப் பகுதியில் பதிப்பகமே சொன்னது.

இப்போது பழைய வாத்தியார் புத்தி எட்டிப் பார்க்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். சும்மா ஒரு கணக்குக்கு 90 மீட்டர் விழுந்தாள் என்று வைத்துக்கொள்வோம். காற்றை விட்டுவிட்டால் கடைசியில் வேகம் நொடிக்கு 42 மீட்டர், மணிக்கு 150 கிலோமீட்டர். அதை அரை நொடியில் நிறுத்தினால் உடம்பு தன் எடையைப் போல ஒன்பதரை மடங்கு பாரம் தாங்க வேண்டும். மூன்று நொடி எடுத்துக்கொண்டு நிறுத்தினால் இரண்டரை மடங்குக்குள் முடிந்துவிடும். பிடித்தது தப்பில்லை, சட்டென்று பிடித்ததுதான் தப்பு.

இதை எங்கள் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர், ஃபார்முலா இல்லாமலே சொல்லிக்கொடுத்தார். எங்கள் தோட்டத்துக் கிணறு பாறை வெட்டிய கிணறு. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். தண்ணீர் சேந்தும்போது கை நழுவிக் குடம் விழுகிறது என்றால், கயிற்றைச் சிக்கெனப் பிடித்தால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும், இல்லாவிட்டால் குடத்தின் கழுத்து வளைந்துவிடும். "உட்டுப் புடி கண்ணு, உட்டுப் புடி" என்று கத்துவார். கயிறு கையில் ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். நியூயார்க் பையனுக்கு அம்மிச்சி இல்லை.

சரி, அமெரிக்கா போதும், நம்ம ஊருக்கு வருவோம். அண்ணன்மார் சாமி கதையை, அதுதான் பொன்னர் சங்கர் கதையை, இங்கே உடுக்கையடித்துக் கேட்டவர்கள் எத்தனை பேர்? கை குறைவாகத்தான் தெரிகிறது. 1965இல் மானிடவியல் ஆராய்ச்சிக்காக வந்த பிரெண்டா பெக் என்ற அம்மா, காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி அந்தக் கதையை ராத்திரி ராத்திரியாகப் பதிவு பண்ணிக்கொண்டு போனார். நாம் வீரப்பூர்த் திருவிழாவுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

பொன்னரும் சங்கரும் நாட்டைக் காத்தவர்கள். கல்யாணம் ஆனவர்கள். ஆனால் கதைப்பாட்டில் அவர்கள் பெண்டாட்டிகளோடு குடும்பம் நடத்துவதில்லை. அந்தப் பெண்கள் இருவரும் தனி அரண்மனையில் இருக்கிறார்கள். அண்ணன்மாருக்கு எல்லாம் தங்கை அருக்காணிதான். படுகளத்தில் விழுந்த அண்ணன்களைத் தேடிப் போவதும் தங்கைதான். அண்ணன்கள் செத்த பிறகு அந்த அரண்மனையைத் தங்கை கொளுத்தியதாகப் பாடுவதும் உண்டு. நம்ம கல்யாணத்திலும் பாருங்கள், இணைச்சீர் என்ற சடங்குக்கு மாப்பிள்ளை பக்கத்தில் முதலில் வந்து நிற்பது தங்கச்சிதான். பெண் வருவது அப்புறம். அந்தத் தனி அரண்மனையில் இரண்டு பேரும் சாயங்கால நேரத்தில் என்ன பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று சின்ன வயசில் அப்பாரிடம் கேட்டேன். "கதைல அதெல்லாம் வராதாயா, நீ தூங்கு" என்று சொல்லிவிட்டார்.

கதையில் வராதது இலக்கணத்தில் வருகிறது! தமிழ் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறீர்கள், தப்பாகச் சொன்னால் திருத்துங்கள். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கத்தில் பிரிவுகளை வகைப்படுத்தும்போது ஓதல், தூது, பொருள் இவற்றோடு காவற்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நாட்டைக் காக்கப் போகிறவன் காதலியை விட்டுப் பிரிவது. ஸ்பைடர் மேன் கதை மொத்தமும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். இதில் எனக்குப் பிடித்தது, பிரிகிறவன் கமுக்கமாக நழுவ முடியாது என்பதுதான். செலவழுங்கல் என்று ஒரு துறை. கிளம்பியவன் தயங்கி நிற்கிறான். அது போகாமல் இருப்பதற்கு இல்லை, அவளைத் தேற்றிவிட்டுப் போவதற்குத்தான் என்று தொல்காப்பியம் விளக்கமே தருகிறது. அதாவது அவளுக்குச் சேதி தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் திருக்குறளில் அவளால் இப்படிச் சொல்ல முடிகிறது:

செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின்
வல்வரவு வாழ்வார்க் குரை.

போகவில்லை என்றால் என்னிடம் சொல். சீக்கிரம் வந்துவிடுவேன் என்பதை, அதுவரை உயிரோடு இருக்கிறவர்களிடம் சொல். பரிமேலழகர் இதைத் தோழி சொன்னதாக எழுதுகிறார். நான் அவளே சொன்னதாகத்தான் படிப்பேன். இப்படிச் சண்டை போட க்வென்னுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லையே. அவளுடைய பாதுகாப்புக்காகச் சொல்லவில்லை என்கிறான் பையன். வில்லனுக்கே தெரிந்த பிறகு அதில் என்ன பாதுகாப்பு? தெரிந்திருந்தால் அவள் ஊரை விட்டுப் போயிருக்கலாம், அவனை விட்டே போயிருக்கலாம், கூடவும் நின்றிருக்கலாம். அந்த முடிவை அவன் தன் பையில் போட்டுக்கொண்டான்.

அப்புறம் வந்தவள் மேரி ஜேன். 1984இல் வந்த ஒரு இதழில், நீ யார் என்று எனக்கு எப்போதோ தெரியும் என்று அவளே சொல்லிவிடுகிறாள். 1987இல் கல்யாணம். ஷே ஸ்டேடியத்தில் பேஸ்பால் மேட்சுக்கு முன்னால் நிஜ ஆட்களுக்கு வேஷம் போட்டு அந்தக் கல்யாணத்தை நடத்தினார்கள், ஸ்டான் லீயே முன்னின்று. மொய் எழுதினார்களா தெரியவில்லை. 20 வருஷம் கழித்து, 2007இல், சித்தியின் உயிரைக் காப்பாற்றப் பிசாசிடம் பேரம் பேசி அந்தக் கல்யாணமே நடக்காத மாதிரி அழித்துவிட்டார்கள். கல்யாணமான ஹீரோ வயசாகித் தெரிகிறானாம். எனக்கு அந்த வருஷத்தோடு அந்தக் காமிக்ஸ் விட்டுப்போயிற்று.

கடைசியாக ஒன்று. என் அண்ணன் மகளைப் பெண் பார்க்க ஒரு பையன் வருவதாக இருந்தது. 108 ஆம்புலன்ஸில் வேலை. பதினொரு மணிக்கு வர வேண்டியவன் நாலு மணிக்கு வந்தான். அதுவரை அவனைப் பெற்றவர்கள் எங்கள் திண்ணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். லீவு போட்டிருந்தானாம், ஆனால் வருகிற வழியில் பவானி ரோட்டில் ஒரு ஆக்ஸிடெண்ட், நிறுத்தாமல் வர முடியவில்லை. வெள்ளைச் சட்டையின் கை மடிப்பில் கழுவியும் போகாத கறை. அண்ணனுக்கு மகா கோபம், "இப்பவே இப்படின்னா?" என்றான். என் மருமகள் காப்பியைக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "லேட்டாகறது பரவால்லீங். எங்க போறீங்கனு எனக்குச் சொல்லீட்டுப் போவீங்களா?"

போன் பேச நேரம் இருக்காது என்றான். அப்படியென்றால் பேச வேண்டாம் என்றாள். கேஸுக்கு வண்டி கிளம்பினால் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ண வேண்டும். திரும்பி வந்துவிட்டால் இரண்டு ரிங். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. இடையில் எத்தனையோ சண்டை, அதையெல்லாம் மேடையில் சொன்னால் வீட்டுக்குப் போனதும் எனக்குச் சோறு கிடைக்காது.

இன்றைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்ததே அவள்தான். மூன்றாவது வரிசையில் மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சித்த முன்னால் ஒரு தடவை அடித்து நின்றதே, அது அவளுடைய போன். அடுத்த இரண்டு ரிங் இன்னும் வரவில்லை. உங்களுக்குக் கேள்வி இருந்தால் கேளுங்கள், அதுவரைக்கும் நாங்கள் இங்கேதான் இருப்போம்.